யார் தியாகி? தேசியமும் அரசியல் வன்முறையும்: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு பார்வை

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரைக் கம்பெனி அரசு 1801-ல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டது. அவரைத் தொங்கவிட்ட இடத்தை ஒட்டிய குளம்தான் இன்றைய கோபாலசமுத்திரம் என்று ஊரில் சொல்வார்கள். கம்பெனியின் கணக்கில் அவர் கலகக்காரர். இன்று விருப்பாட்சியில் அவருக்கு மணிமண்டபம் கட்டியிருப்பது தமிழக அரசு. அவர் செய்த காரியத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பெயர் வைக்கும் அதிகாரம்தான் கைமாறியிருக்கிறது. தேசியத்துக்கும் அரசியல் வன்முறைக்கும் உள்ள உறவைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தை விட்டுவிட்டு, நேராகத் 'தேசியம் ஆபத்தானதா?' என்ற கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அறிஞர்கள் தந்திருக்கும் விடைகள் பல. எலி கெடூரி 1960-ல் எழுதிய நூலில், மக்கள் இயல்பாகவே தேசங்களாகப் பிரிந்திருக்கிறார்கள் என்ற கோட்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது என்றார். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள் என்று கோடு போட்டுவிட்டால் ரத்தம் சிந்துவது நேரம் சார்ந்த விஷயம்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். மாக்ஸ் வெபரைப் பின்பற்றுகிறவர்கள் அரசிடமிருந்து தொடங்குகிறார்கள். நியாயமான வன்முறை தன் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று உரிமை கோரும் அமைப்புதான் அரசு. அந்த ஏகபோகத்துக்காக நடக்கும் போட்டியில் தேசியம் ஒரு கருவி. சார்ல்ஸ் டில்லி இன்னும் ஒருபடி மேலே போய், போர்கள்தான் அரசுகளை உண்டாக்கின என்றார். மூன்றாவது கூட்டம் சூழ்நிலையைப் பார்க்கச் சொல்கிறது: எந்த வாசல் திறந்திருந்தது, எது அடைக்கப்பட்டது?

எனக்கு மூன்றாவது விடைதான் அதிகம் சரியாகப் படுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றிய இந்தச் சமவெளியை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 200 ஆண்டுகளில் இந்த உறவு எத்தனை வடிவம் எடுத்தது என்பதையும், எந்தக் கோட்பாடு எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்பதையும் பார்க்கலாம்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தத்தின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல்லைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதுவரை மைசூருக்குக் கப்பம் கட்டியும் கட்டாமலும் காலம் தள்ளிய பாளையக்காரர்கள், இப்போது கச்சேரி வைத்துக் கணக்குக் கேட்கும் கலெக்டர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கோபால நாயக்கர், மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் ஆகியோர் சேர்ந்த அணியை வரலாற்று நூல்கள் திண்டுக்கல் கூட்டமைப்பு என்கின்றன. சிவகங்கை மருது சகோதரர்கள், பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரை, கொங்குப் பகுதிக் கிளர்ச்சியாளர்கள் என்று இதன் தொடர்புகள் விரிந்தன. 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடி, ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கத் திட்டம் போட்டார்கள். திட்டம் பலிக்கவில்லை. பலர் தூக்கில் தொங்கினார்கள். மறு ஆண்டு ஜூன் 16 அன்று சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் முசல்மான்களையும் ஒருசேர விளித்த அறிக்கை அது. ஐரோப்பியர்களைக் கண்ட இடத்தில் அழிக்கச் சொன்னது. அவர்களிடம் ஊழியம் செய்பவர்களைச் சபித்தது.

வரலாற்றறிஞர் கே. ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கிளர்ச்சியை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்றே அழைத்தார். மறுப்பவர்களும் உண்டு. இந்தக் கிளர்ச்சிக்கு முன்பு சிவகங்கை ராணி வேலு நாச்சியார் ஆண்டுக்கணக்கில் அடைக்கலம் இருந்தது இதே விருப்பாட்சியில்தான். அவருக்குப் படையுதவி செய்தவர் திண்டுக்கல்லைத் தன் பிடியில் வைத்திருந்த ஹைதர் அலி. தெலுங்கு பேசும் பாளையக்காரர், மைசூர் நவாபு, சிவகங்கை ராணி என்ற இந்தக் கூட்டணியில் தேசம் எங்கே இருக்கிறது? காவல் உரிமை, வரி, மானம், பழைய விசுவாசம் ஆகியவைதான் அவர்களை இணைத்தன என்று சொல்லலாம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். ஜம்புத்தீவு அறிக்கையில் பாளையத்தைத் தாண்டிய ஒரு 'நாம்' இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வன்முறை அந்த 'நாம்' பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்கே கெடூரியின் வாதம் தலைகீழாகிறது. சண்டை முந்தியது, தேசம் பிந்தியது.

வெபர் இங்கே நன்றாகப் பொருந்துகிறார். ஊமைத்துரை வத்தலக்குண்டுப் பக்கம் பிடிபட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் கொல்லப்பட்டார். 1802-ல் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இதற்கு நடுவே 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: பாளையங்களில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், பணிந்தவர்களுக்கு மன்னிப்பு. ஊருக்கு ஊர் வேலும் வளரியும் துப்பாக்கியும் இருந்த நிலத்தில், முதன்முறையாக வன்முறை ஒரே கையில் சேர்ந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் தோன்றிய தேசியம், இப்படி ஆயுதம் களையப்பட்ட மக்களிடையேதான் வளர்ந்தது. கூட்டம், பத்திரிகை, கடையடைப்பு, கப்பல் கம்பெனி என்று அதன் முறைகள் வேறாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தத்துவம் மட்டும் காரணமல்ல.

சுப்பிரமணிய சிவா 1884-ல் அதே வத்தலக்குண்டில் பிறந்தார். 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் அவரும் வ.உ.சி.யும் பேசிய கூட்டங்கள், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், விபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாட எடுத்த முயற்சி ஆகியவற்றை அடுத்து மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடின. அரசு அலுவலகங்கள் கொளுத்தப்பட்டன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு 40 ஆண்டும் சிவாவுக்கு 10 ஆண்டும் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. சிறையிலிருந்து சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

இந்த எழுச்சியை ஆ.இரா. வேங்கடாசலபதி ஆவணங்களிலிருந்து மீட்டு எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூல் 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அன்று தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சாதாரண உழைப்பாளிகள், சிறு கடைக்காரர்கள். தலைவர்கள் உள்ளே போன பிறகுதான் தீ வைக்கப்பட்டது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். தலைவர்கள் கைதாவதும் கூட்டம் எரிப்பதும் 1942 ஆகஸ்டிலும் நடந்தது. காந்தியும் காங்கிரஸ் தலைமையும் பிடிபட்ட சில நாட்களில் தேவகோட்டை நீதிமன்றம் கொளுத்தப்பட்டது. அடுத்த மாதம் குலசேகரன்பட்டினத்தில் உப்புத் துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அரசு எப்போதும் இதைத் தலைவர்களின் தூண்டுதல் என்றே வழக்கில் எழுதும். உண்மையில் கூட்டத்தை அடக்கி வைத்திருந்தவர்களையே அது முதலில் அகற்றியிருக்கும்.

ஆனால் 'வாசலை அடைத்தார்கள், அதனால் துப்பாக்கி எடுத்தார்கள்' என்று சொல்லி முடித்துவிட முடியாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். 1908-ன் அடக்குமுறை, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியின் வீழ்ச்சி ஆகியவை அதன் பின்னணி என்பது சரி. ஆனால் அவர் சட்டைப் பையில் இருந்த கடிதம் சனாதன தருமத்தைக் காக்கவும், மிலேச்சனான ஜார்ஜ் மன்னன் முடிசூடுவதைத் தடுக்கவும் எடுத்த சபதத்தைப் பேசுகிறது. தூத்துக்குடி ஆலைத் தொழிலாளியின் கூலி அதில் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் தெருவிலிருந்த தேசியம் ரகசியச் சங்கத்துக்குள் நுழைந்தபோது அதன் உள்ளடக்கமே மாறிவிட்டது. பலர் கூடிப் பேசும்போது வெவ்வேறு குறைகள் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. சத்தியப் பிரமாணம் எடுத்த சிலர் மூடிய அறையில் கூடும்போது, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததே தேசம் ஆகிவிடுகிறது. வாசல் அடைபடுவதால் வன்முறை பிறக்கிறது என்பது பாதி. அடைபட்ட வாசலுக்குப் பின்னால் யார் மிஞ்சுகிறார்கள் என்பது மறுபாதி. இந்தப் பாதியைக் கோட்பாட்டாளர்கள் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள்.

வாஞ்சி தொடர்புடைய வட்டத்துக்குப் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் வ.வே.சு. ஐயர். அதற்கு முன் அவர் லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்தவர். 1909 ஜூலை 1 அன்று அந்த வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா லண்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைக் கொன்றார். சில நாட்களில் லண்டன் வந்திறங்கிய காந்தி அந்த இளைஞர்களோடு வாதாடிவிட்டு, நவம்பரில் கப்பலில் திரும்பும் வழியில் 'இந்திய சுயராஜ்யம்' எழுதினார். இந்திய அகிம்சைத் தேசியத்தின் அடிப்படை நூல் ஓர் அரசியல் கொலைக்கு எழுதிய பதில் என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. ஐயரும் பின்னாளில் காந்தி பக்கம் வந்தார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்டதை ஒட்டி எழுந்த சர்ச்சையில் அடிபட்டார். துப்பாக்கியைக் கீழே போடுவது சுலபம், பந்தியில் சேர்ந்து உட்காருவது அவ்வளவு சுலபமாக இல்லை.

அகிம்சைத் தேசியத்தின் பரிசோதனைக்கூடம் ஒன்று திண்டுக்கல்லின் வாசலிலேயே இருக்கிறது. 1946 பிப்ரவரியில் காந்தி மதுரைப் பயணத்தின்போது அம்பாத்துரை ரயில் நிலையத்தில் கூடிய மக்களிடம் பேசினார். அடுத்த ஆண்டு சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கதர், மருத்துவம், கிராமப் பள்ளி ஆகியவற்றோடு சாந்தி சேனைப் பயிற்சியும் அங்கே நடந்தது: கலவரம் நடக்கும் இடத்துக்கு ஆயுதமின்றிப் போய் நடுவில் நிற்கப் பழக்குவது. 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்தார். 1960 டிசம்பரில் போர் எதிர்ப்பாளர்களின் உலக அமைப்பு தன் மாநாட்டைக் காந்திகிராமத்தில் நடத்தியது. அதிலிருந்து கிளைத்த உலக சாந்திப் படை, 1962-ல் வட ரொடீசிய விடுதலைக்காக டாங்கனீகாவில் முகாமிட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண் அதன் தலைவர்களில் ஒருவர்.

பிறகு சீனப் போர் வந்தது. 1962 அக்டோபருக்குப் பிறகு, அதுவரை அகிம்சை பேசிய பலர் எல்லைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 1963 மார்ச்சில் தில்லியிலிருந்து பீக்கிங்குக்கு நட்புப் பயணம் கிளம்பிய நடையாளர்களுக்கு வழியிலேயே எதிர்ப்பு. சீனாவும் அவர்களை உள்ளே விடவில்லை. அந்நிய ஆட்சியை எதிர்க்க அகிம்சையைக் கைக்கொண்ட தேசியம், தானே அரசான பிறகு எல்லையில் என்ன செய்வது என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை. காந்தியவாதிகளைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்த வேறு யாரும் அதைவிடச் சிறப்பாகப் பதில் சொல்லிவிடவில்லை.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 இயக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் ஏந்தாதவற்றில் 53 சதவீதம் வென்றன. ஏந்தியவற்றில் 26 சதவீதம். முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் ஓர் இயக்கத்தை இந்தக் கட்டத்திலோ அந்தக் கட்டத்திலோ போட்டாக வேண்டும் என்பது இதன் நிபந்தனை. இந்தப் பக்கத்து இயக்கம் அப்படிக் கட்டம் பிரிந்து நிற்கவில்லை. மதுரை வட்டாரத்து விடுதலை இயக்கத்தை உள்ளிருந்து பார்த்து, வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகங்களில் எழுதினார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர் அவர். அந்தத் தலைமுறையில் கதர் கட்டியவரும் தந்திக் கம்பி அறுத்தவரும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள்.

அடுத்த அலை மொழியின் பெயரால் வந்தது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் ஏற்பட்ட மோதல், மாநிலம் முழுக்கப் பரவிய கொந்தளிப்பின் தொடக்கம். அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டில். திருப்பூரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கூட்டம் எரித்துக் கொன்றது. ஆனால் அந்த ஆண்டு நினைவில் தங்கியது தன்னையே எரித்துக்கொண்டவர்களால்தான். முந்தைய ஆண்டு கீழப்பழுவூர் சின்னசாமி, 1965-ல் சிவலிங்கம், அரங்கநாதன் என்று பட்டியல் நீள்கிறது, சிலர் நஞ்சருந்தினார்கள். 2009-ல் ஈழப் போரின் கடைசி மாதங்களில் முத்துக்குமார் வரை அது வந்தது. மேலே சொன்ன கோட்பாடுகளில் இதற்கு இடமே இல்லை. பிறரைக் கொல்வதைத்தான் அவர்கள் அரசியல் வன்முறை என்று எண்ணுகிறார்கள். தன் உடலைக் கொளுத்துவதும் அரசியல் வன்முறைதான் என்பது என் கருத்து. அதைப் புகழ்ந்து மேடை போடும் கட்சிகள், எரிந்தவரின் குடும்பத்தை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கின்றன என்று கேட்பதும் இந்த ஆய்வுக்குள் அடங்கும்.

1965-ன் நெருப்பு 1967-ல் வாக்குப்பெட்டிக்குள் போனது. காந்திகிராமத்தைத் தொடங்கியவரும் மத்தியில் கல்வித் துணை அமைச்சராக இருந்தவருமான சௌந்தரம் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் அன்புச்செழியனிடம் தோற்றார். ஒரு தேசியம் இன்னொரு தேசியத்திடம் இடத்தை ஒப்படைத்தது. உயிர்ச் சேதம் இல்லாமல். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஏன் இப்படி நடக்கவில்லை என்பதுதான் தமிழர்களுக்கு இந்தப் பொருளின் மையக் கேள்வி.

சட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும். இந்தியா 1963-ல் 16-ஆவது திருத்தத்தின் மூலம், பிரிவினையை ஏற்காத உறுதிமொழி எடுத்தால்தான் தேர்தலில் நிற்கலாம் என்றது. இலங்கை 1983 ஆகஸ்டில் 6-ஆவது திருத்தத்தின் மூலம் ஏறத்தாழ அதையே செய்தது. இங்கே அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். நான்கு ஆண்டுகளில் முதலமைச்சரானார். அங்கே, 1977-ல் 18 இடங்கள் வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியது. இளைஞர்கள் இயக்கங்களுக்குப் போனார்கள். ஒரே மாதிரிச் சட்டம், எதிரெதிர் விளைவு. உறுதிமொழிக்கு அப்பால் என்ன இருந்தது என்பதில்தான் வேறுபாடு. இங்கே ஒரு மாநிலம், அதன் மொழி, அதன் காவல்துறை, பட்ஜெட் எல்லாம் காத்திருந்தன. அங்கே 1956-ன் தனிச் சிங்களச் சட்டமும், 1981-ல் எரிந்த யாழ் நூலகமும், திருத்தத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு நடந்த ஜூலைப் படுகொலையும் இருந்தன. ஆல்ஃபிரட் ஸ்டெபன், ஹுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் 2011 நூலில் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்திருக்கிறார்கள். பல தேசிய உணர்வுகளுக்கு ஒரே அரசில் இடம் தரலாம் என்பது அவர்கள் துணிபு. தமிழ்நாட்டு அளவில் அது பொருந்துகிறது. காஷ்மீரையும் நாகாலாந்தையும் வைத்துக்கொண்டு இந்தியா முழுமைக்கும் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

தமிழ்நாட்டிலும் துப்பாக்கி முற்றிலும் மௌனமாக இருந்துவிடவில்லை. 1987 மார்ச்சில் அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் தமிழ்த் தேசியக் குழுவொன்று வைத்த குண்டு மலைக்கோட்டை விரைவு ரயிலைக் கவிழ்த்தது. இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அக்குழுவின் தலைவர் தமிழரசன் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது ஊர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆயுதத் தேசியம் வளர இங்கே மண் இல்லை.

பக்கத்து நாட்டுத் தேசியத்துக்கோ இங்கே இடம் தரப்பட்டது. 1983-க்குப் பிறகு இந்திய அரசின் ஆதரவோடு ஈழ இயக்கங்களுக்குத் தமிழ்நாட்டில் பயிற்சி முகாம்கள் நடந்தன. திண்டுக்கல்லை அடுத்த, வாழைக்குப் பேர்போன சிறுமலையும் அவற்றில் ஒன்று. 1980-களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளுடைய முதல் அணி பயிற்சி எடுத்தது அங்கேதான். ஆயுதம் ஏந்திய தேசியம் தன் முதல் குறியைப் பெரும்பாலும் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. புலிகள் 1986-ல் டெலோ என்ற இன்னொரு ஈழ இயக்கத்தவரைக் கூட்டமாகக் கொன்றார்கள். 1990-ல் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் கொன்றார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு மற்றவர்களும் சிதறினார்கள். இதற்கிடையே இந்திய அமைதிப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. அந்தப் படையால் கொல்லப்பட்ட தமிழர்களைத் தில்லி எண்ணி அறிவிக்கவில்லை. 2009-ல் முள்ளிவாய்க்காலில் இலங்கை அரசு போரை முடித்துவைத்த விதத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வன்முறையைப் பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் இயக்கங்களின் கொலைகளை ஒன்றொன்றாக விவரிக்கும். அரசின் கொலைகளை 'நடவடிக்கை' என்று மொத்தமாகக் கடந்துவிடும்.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் தமிழக அரசு இலங்கைத் தமிழர்களுக்கு 321 புதிய வீடுகளைத் திறந்தது. பக்கத்து முகாம்களில் இருந்தவர்களும் அங்கே குடியேறினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினரின் முன்னோர், மதுரை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள். 1948-ல் சுதந்திர இலங்கை செய்த முதல் காரியங்களில் ஒன்று அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அதில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, எந்த வன்முறைப் பட்டியலிலும் அது வராது. கலவரங்களில் அடிபட்டு இந்தக் கரைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போகிறார்கள். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைக் குறிப்பிட்டது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், 1987 ஜூலை முதல் இந்த மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. சிறுமலையில் ஒரு தேசத்துக்காகத் துப்பாக்கி பழகக் கொடுத்த இந்திய அரசு, அந்தப் போரிலிருந்து தப்பி வந்து தோட்டனூத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் வாக்காளர் அட்டை கொடுக்கவில்லை.